இளையோர் ஃபேன்டஸி, காதல், அறிவியல் புனைகதை நாவல்கள்: படிப்பவர்களும் ரிவ்யூ எழுதுபவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யங் அடல்ட் என்றால் என்ன? சின்னப் பிள்ளைகள் புத்தகமா?

ஆங்கிலப் பதிப்பகங்கள் 12 முதல் 18 வயது வரை உள்ளவர்களை மனதில் வைத்து வெளியிடும் புத்தகங்களுக்கு அந்தப் பெயர். சுருக்கமாக ஒய்.ஏ. என்பார்கள். அதற்குக் கீழே, எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்காரர்களுக்கு மிடில் கிரேட் என்று தனி அலமாரி உண்டு. ஒய்.ஏ. நாவலில் நாயகிக்கோ நாயகனுக்கோ பெரும்பாலும் 15 முதல் 18 வயது இருக்கும். வயதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். ஐம்பது வயதில் உட்கார்ந்துகொண்டு தன் பதினாறு வயதை அசைபோடுகிற கதை பெரியவர்கள் நாவல். பதினாறிலேயே நின்றுகொண்டு, நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாமல், எல்லாவற்றையும் முதல் தடவையாகச் சந்திக்கிற குரலில் சொன்னால் அது ஒய்.ஏ. இந்த வகைக்கே தொடக்கப் புள்ளி என்று பலரும் சொல்கிற 'தி அவுட்சைடர்ஸ்' 1967இல் வந்தபோது அதை எழுதிய எஸ். இ. ஹின்டனுக்கு வயது 18தான். அதில் மந்திரமும் இல்லை, விண்கலமும் இல்லை, ஆனால் அந்தக் குரல் இருக்கிறது.

எனக்கு முப்பது தாண்டிவிட்டது. இதையெல்லாம் படித்தால் சிரிக்க மாட்டார்களா?

சிரித்தால் சிரிக்கட்டும். 2012இல் பௌக்கர் என்ற புத்தகச் சந்தை ஆய்வு நிறுவனம் அமெரிக்காவில் கணக்கெடுத்தபோது, ஒய்.ஏ. புத்தகம் வாங்குபவர்களில் 55 சதவீதம் பேர் 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் என்று தெரிந்தது. அதில் பெரிய கூட்டமே 30 முதல் 44 வயதுக்காரர்கள்தான்.

ரிவ்யூ எழுத உட்காரும்போது மட்டும் ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். "இந்தப் பெண் ஏன் இப்படி அவசரப்படுகிறாள், அம்மாவிடம் சொல்லியிருந்தால் ரெண்டே பக்கத்தில் கதை முடிந்திருக்குமே" என்று முப்பத்தைந்து வயது வாசகர் எரிச்சல்படுவது இயல்பு. அது புத்தகத்தின் குறையா, நம் வயதின் குறையா என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு எழுதுங்கள். அவள் ஏன் சொல்லவில்லை என்பதற்கு நாவல் ஒரு காரணம் காட்டியிருந்தால் அவள் பக்கம் நில்லுங்கள். கதையை இழுப்பதற்காகவே வாயை மூட வைத்திருந்தால் தாராளமாகத் திட்டலாம்.

எதிலிருந்து ஆரம்பிப்பது?

ஒற்றை நாவலாக முடிகிறதிலிருந்து. அது கிடைக்கவில்லை என்றால், தொடரே ஆனாலும் முதல் பாகத்திலேயே ஒரு கதை முழுதாக முடிகிறதிலிருந்து. எடுத்த எடுப்பில் ஏழு பாகத் தொடரில் இறங்கினால் மூன்றாம் பாகத்தில் மூச்சு வாங்கும்.

ஃபேன்டஸி நாவலை எப்படி எடைபோடுவது? மந்திரம்தானே, எது வேண்டுமானாலும் நடக்கலாமே?

எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்றால் எது நடந்தாலும் நமக்குப் பதற்றம் வராது. நான் பார்ப்பது ரெண்டு: மந்திரத்துக்கு என்ன கட்டுப்பாடு, அந்த மந்திரம் இருப்பதால் அந்த ஊரில் யாருக்கு என்ன கஷ்டம்.

கிறிஸ்டின் கஷோரின் 'கிரேஸ்லிங்' (2008) நாவலை எடுத்துக்கொள்வோம். அந்த உலகத்தில் சிலருக்குப் பிறவியிலேயே அசாத்தியமான ஒரு திறமை வாய்க்கும். ஒருத்தருக்கு நீச்சல், ஒருத்தருக்குச் சமையல், இன்னொருத்தருக்கு அடுத்தவர் மனதைப் படிப்பது. இவர்களை எப்படி அடையாளம் காண்பது? குழந்தையின் ரெண்டு கண்ணும் ரெண்டு நிறமாக மாறிவிடும். அவ்வளவுதான் விதி. ஆனால் இந்த ஒரு விதியிலிருந்து எத்தனை விஷயம் கிளம்புகிறது பாருங்கள். திறமையை மறைத்து வாழ வழியே இல்லை. கண்ணைப் பார்த்ததும் ஊர் விலகிப் போகும். நாயகி வாழும் நாட்டில் அப்படிப்பட்ட குழந்தை ராஜாவுக்குச் சொந்தம். அவருக்குப் பயன்பட்டால் அரண்மனையில் வைத்துக்கொள்வார், பயன்படாது என்றால் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். நாயகி காட்ஸாவுக்கு ஒரு கண் பச்சை, ஒரு கண் நீலம், வாய்த்த திறமையோ ஆளைக் கொல்வது. ராஜாவோ அவளுடைய மாமா. தனக்கு அடங்காதவர்களின் கையை ஒடிக்கவும் விரலை வெட்டவும் அவளைத்தான் அனுப்புகிறார்.

இதை ரிவ்யூவில் "உலக உருவாக்கம் அருமை" என்று ரெண்டு வார்த்தையில் முடித்தால் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. கண் நிறத்தைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். இந்தப் புத்தகம் தனக்கானதா இல்லையா என்று அவரே முடிவு செய்துகொள்வார். ரிவ்யூ செய்ய வேண்டிய வேலையே அதுதான் என்பது என் கட்சி. நமக்குப் பிடித்ததா என்பது அப்புறம். புத்தகம் என்ன தருவதாகச் சொன்னது, அதைத் தந்ததா, அது யாருக்கு வேண்டியிருக்கும் என்பதுதான் முதலில்.

காதல் நாவலில் முடிவு முன்பே தெரிகிறதே, அதில் ரிவ்யூ செய்ய என்ன இருக்கிறது?

முடிவு தெரிவது குற்றமே இல்லை, காதல் நாவல் படிக்கிறவர் அந்த முடிவுக்காகத்தான் காசு கொடுக்கிறார். ரமணிசந்திரன் படித்து வளர்ந்தவர்களிடம் கேளுங்கள், கடைசிப் பக்கம் தெரிந்தேதான் முதல் பக்கத்தைப் புரட்டுவார்கள். பார்க்க வேண்டியது, இந்த ரெண்டு பேரையும் எது பிரித்து வைத்திருக்கிறது என்பதை. ஒரு போன் செய்து பேசியிருந்தால் தீர்ந்திருக்கும் மனஸ்தாபமா, அல்லது ரெண்டு பேருமே தங்களிடம் எதையாவது மாற்றிக்கொள்ளாமல் தீராத ஒன்றா?

மறுபடி 'கிரேஸ்லிங்' பக்கம் போவோம். காட்ஸா கல்யாணமே வேண்டாம், குழந்தையும் வேண்டாம் என்று ஆரம்பத்திலிருந்தே சொல்கிறாள். காதல் வருகிறது, ஆனாலும் அந்தப் பேச்சை அவள் மாற்றிக்கொள்ளவில்லை. பிள்ளைப் பருவத்திலிருந்து இன்னொருத்தர் கையில் ஆயுதமாக இருந்தவளுக்கு, மறுபடி யாருக்காவது சொந்தமாவது என்ற நினைப்பே மூச்சை அடைக்கிறது. இது வெளியிலிருந்து ஒட்டவைத்த தடை இல்லை, அவள் வளர்ந்த விதத்திலிருந்தே வருகிறது. சில வாசகர்களுக்கு இது பிடிக்கவில்லை, கல்யாணத்தையே மட்டம் தட்டுகிறது என்று கோபப்பட்டார்கள். நம் வீடுகளில் அந்த வரியைப் படிக்கிற பதினேழு வயதுப் பெண்ணுக்கு அது எப்படி இறங்கும் என்று யோசித்துப் பார்த்தால், தமிழில் எழுதும் ரிவ்யூவில் இதைத் தொடாமல் போவது வீண் என்று தோன்றுகிறது.

எதிரிகள் காதலர்களாவது, பொய்யாகக் காதலிப்பதாக நடித்து நிஜமாவது, இருவரில் யார் என்று நாயகி திண்டாடுவது, இந்த மாதிரி வாய்பாடுகளை ட்ரோப் என்பார்கள். ட்ரோப் இருப்பதைக் குறையாக எழுதாதீர்கள், எது இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். அதைத் தேடித்தான் பாதிப் பேர் வருகிறார்கள்.

நாயகன் செய்வது தப்பாகத் தெரிகிறது, ஆனால் புத்தகம் அதைக் காதல் என்கிறது. என்ன எழுதுவது?

'ட்வைலைட்' (2005) நாவலில் எட்வர்ட், பெல்லாவுக்குத் தெரியாமல் ராத்திரி அவள் அறைக்குள் வந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். பின்னால் தெரிய வந்ததும் அவளுக்குக் கோபத்தைவிடக் கிளுகிளுப்புதான் அதிகம். ஒரு கதாபாத்திரம் தப்பு செய்வது வேறு, அந்தத் தப்பைப் புத்தகம் எப்படிப் பார்க்கிறது என்பது வேறு. முதலாவதற்காகத் திட்டினால் நல்ல வில்லன் உள்ள எந்த நாவலும் மிஞ்சாது. ரெண்டாவதைக் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் கேட்டுவிட்டு, அந்த நாவல் லட்சக்கணக்கானவர்களை ஏன் கட்டிப்போட்டது என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். பெல்லாவின் தலைக்குள் உட்கார வைத்து, அந்த வயதின் பித்தை அப்படியே நமக்குள்ளும் ஏற்றிவிடுகிறது அது. அதை எழுதாமல் வெறுமனே சாடினால், அந்தப் புத்தகத்தை நேசித்தவர் உங்கள் ரிவ்யூவை ரெண்டாவது வரியிலேயே மூடிவிடுவார்.

அறிவியல் புனைகதை? எனக்கு இயற்பியலில் பாஸ் மார்க்கே கஷ்டம்.

ஒய்.ஏ. அறிவியல் புனைகதையில் இயற்பியல் வருவது குறைவு, அரசியல் வருவது அதிகம். "ஒரே ஒரு விஷயம் மாறினால் என்ன ஆகும்" என்று ஆரம்பித்து, அந்த மாற்றம் சோற்றுப் பானை வரை, பள்ளிக்கூடம் வரை, கல்யாணம் வரை எட்டுகிறதா என்று பாருங்கள்.

'தி ஹங்கர் கேம்ஸ்' (2008) முதல் அத்தியாயத்திலேயே சூசன் காலின்ஸ் இதை ஒரு கணக்கில் காட்டிவிடுகிறார். 12 வயதானால், பிள்ளைகளைச் சாகும்வரை மோதவிடும் போட்டிக்கு ஆள் எடுக்கிற குலுக்கல் பானையில் ஒரு சீட்டு, ஒவ்வொரு வருடமும் ஒன்று கூடும். பசி தாங்கவில்லையா, பெயரை இன்னொரு தடவை எழுதிப் போடு, ஒரு ஆளுக்கு ஒரு வருடத்துக்கான தானியமும் எண்ணெயும் தருகிறோம் என்கிறது அரசாங்கம். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை சீட்டு கூடுதலாகப் போடலாம், போட்டது அடுத்த வருடமும் அப்படியே இருக்கும். 16 வயது காட்னிஸ் தனக்கும் அம்மாவுக்கும் தங்கைக்குமாகச் சீட்டுப் போட்டதில் அவள் பெயர் 20 தடவை. ஐந்து பேர் குடும்பத்தைத் தாங்குகிற 18 வயது நண்பன் கேலின் பெயர் 42 தடவை. மேயர் வீட்டுப் பெண் இந்த மாதிரி வாங்க வேண்டிய அவசியமே இல்லாதவள். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான், சாவு மட்டும் ஏழை வீட்டுக்கு அதிகமாக வரும். காட்னிஸின் தங்கைக்கு வயது பன்னிரண்டு, பானையில் அவள் பெயர் ஒரே ஒரு தடவை. அந்தச் சீட்டுதான் வருகிறது.

அந்த உலகத்தின் வரலாற்றை மூன்று பக்கம் விளக்கியிருந்தாலும் இந்தக் கணக்கு அளவுக்கு உறைத்திருக்காது. நல்ல அறிவியல் புனைகதையில் இப்படி ஒரு இடம் எங்கேயாவது இருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் ரிவ்யூவில் பாதி முடிந்த மாதிரி.

ஸ்பாய்லர் எதுவரை சொல்லலாம்? நீங்களே இப்போது சீட்டு யாருக்கு வருகிறது என்று சொல்லிவிட்டீர்களே!

அது முதல் அத்தியாயத்தின் கடைசி வரி, அதில்தான் கதையே கிளம்புகிறது, பின்னட்டைச் சுருக்கத்தை வைத்தே ஊகித்துவிடலாம். பின்னட்டையில் இருப்பதும் முதல் கால்வாசியில் நடப்பதும் பொதுச் சொத்து என்பது என் வரையறை. அதற்கு மேல் போக வேண்டுமானால், இனி வருவது படித்தவர்களுக்கு மட்டும் என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டுப் போங்கள். இன்னொன்று, "கடைசியில் ஒரு ட்விஸ்ட் இருக்கிறது, தலை சுற்றும்" என்பதும் ஸ்பாய்லர்தான். அதைக் கேட்ட வாசகர் ஒவ்வொரு பக்கத்திலும் சந்தேகத்தோடேயே உட்கார்ந்திருப்பார்.

எத்தனை ஸ்டார் கொடுப்பது?

முதலில் அந்தந்தத் தளத்தில் ஸ்டாருக்கு என்ன அர்த்தம் என்று பாருங்கள். வாசகர்கள் புத்தகங்களுக்கு ஸ்டாரும் ரிவ்யூவும் போடும் குட்ரீட்ஸ் தளத்தில் 2 ஸ்டார் மேல் மவுஸைக் கொண்டுபோனால் 'பரவாயில்லை' என்றும், 3 ஸ்டார் மேல் 'பிடித்திருந்தது' என்றும்தான் வரும். பிடிக்கவில்லை என்பதற்கு 1 மட்டும். நமக்கோ 3 ஸ்டாரைப் பார்த்தால் அறுபது மார்க் வாங்கிய பிள்ளையைப் பார்க்கிற மாதிரி முகம் சுளிக்கிறது. அரை ஸ்டார் கொடுக்கவும் அங்கே வழியில்லை, அதனால்தான் பலர் "உண்மையில் மூன்றரை" என்று ரிவ்யூவின் முதல் வரியில் எழுதுகிறார்கள். வேண்டும் என்றால் கொடுங்கள், வேண்டாம் என்றால் விடுங்கள். ஸ்டார் மட்டும் கொடுத்துவிட்டு ஒரு வரிகூட எழுதாமல் போவதால் யாருக்கும் லாபமில்லை.

பாதியில் விட்ட புத்தகத்துக்கு ரிவ்யூ எழுதலாமா?

எழுதலாம், எத்தனையாவது பக்கத்தில் விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்று சொல்லிவிட்டு. ஸ்டார் வேண்டாம்.

படிக்காமலேயே எழுதலாமா? விஷயம் ஊருக்கே தெரிந்ததுதானே?

கூடாது. ஒய்.ஏ. உலகத்தில் இது கிண்டலுக்கான விஷயமாக இல்லை, ஆட்களின் பிழைப்பைத் தொட்டிருக்கிறது. 2019 ஜனவரியில் அமேலி வென் ஷாவின் 'ப்ளட் ஏர்' என்ற ஃபேன்டஸி நாவல், கடைக்கு வருவதற்கு முன்பே, அடிமை முறையைச் சித்தரித்த விதத்துக்காக இணையத்தில் கடுமையாக அடிபட்டது. அடித்தவர்களில் பலர் புத்தகத்தைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள். எழுத்தாளரே வெளியீட்டைத் தள்ளிவைக்கச் சொன்னார், மறுபடி திருத்தி அதே வருடம் நவம்பரில் கொண்டுவந்தார். அமெரிக்க அடிமை வரலாற்றை மனதில் வைத்துப் பலர் கோபப்பட்டார்கள், அவரோ ஆசியாவில், தான் வளர்ந்த சீனா உட்பட, நடக்கிற ஆள் கடத்தலையும் கொத்தடிமை முறையையும் வைத்து எழுதியதாகச் சொன்னார். யார் பக்கம் நியாயம் என்பதைப் படித்தவர்கள் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளட்டும்.

2023 டிசம்பரில் நடந்தது இதைவிடக் கேவலம். முதல் நாவல் வெளிவரவிருந்த ஓர் எழுத்தாளர், போலிக் கணக்குகளைத் திறந்து, தன்னைப் போலவே முதல் நாவல் வெளிவரவிருந்த மற்றவர்களின் புத்தகங்களுக்கு ஒற்றை ஸ்டாராகப் போட்டுத் தள்ளினார். மாட்டிக்கொண்டதும் பதிப்பகம் அவருடைய புத்தகத்தையே கைவிட்டது. அதனால் வெளிவராத புத்தகத்தின் ஸ்டார் சராசரியை நம்பி வாங்காமல் இருக்காதீர்கள், வாங்கவும் செய்யாதீர்கள்.

பதிப்பகம் இலவசமாகப் புத்தகம் தந்தால் நல்லபடியாகத்தான் எழுத வேண்டுமா?

இல்லை. வெளியீட்டுக்கு முன்பே ரிவ்யூ எழுதுபவர்களுக்குக் கொடுக்கும் பிரதியை ஏ.ஆர்.சி. என்பார்கள், நெட்கேலி மாதிரியான தளங்களில் மின்நூலாகக் கேட்டு வாங்கலாம். அதில் மெய்ப்புத் திருத்தம் முடிந்திருக்காது, அதனால் எழுத்துப்பிழையைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள், வரிகளை மேற்கோள் காட்டுவதானால் அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டுவிட்டுக் காட்டுங்கள். இலவசமாக வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் வர்த்தகத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.சி. 2009இலேயே இதை வழிகாட்டு நெறியாக்கிவிட்டது, இந்தியாவில் விளம்பரத் தரக் கவுன்சிலான ஆஸ்கி 2021இல் இணையப் பிரபலங்களுக்கு இதே மாதிரி நெறிமுறை கொண்டுவந்தது.

டெலிகிராமில் பி.டி.எஃப். கிடைக்கிறதே?

கிடைக்கிறது, தெரியும். எழுதினவருக்கு ஒரு பைசா போகாமல் படித்துவிட்டு அவர் எழுத்தில் குறை சொல்வது எனக்கு ஒவ்வாது. நூலகம், பழைய புத்தகக் கடை, நண்பர்கள், கிண்டில் தள்ளுபடி என்று வழியா இல்லை?

எழுத்தாளரை டேக் செய்யலாமா?

பாராட்டு என்றால் சரி. திட்டும்போது வேண்டாம், அவர் வீட்டு வாசலில் போய் நின்று திட்டுவதற்குச் சமம். ரிவ்யூ வாசகர்களுக்குத்தான்.

என் பெண்ணுக்கு 13 வயது. ஒய்.ஏ. என்று போட்டிருந்தால் நம்பிக் கொடுக்கலாமா?

கண்ணை மூடிக்கொண்டு கொடுக்காதீர்கள். சாரா ஜே. மாஸின் 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்' 2015இல் ஒய்.ஏ. என்றுதான் வந்தது, தொடர் போகப் போகப் படுக்கையறைக் காட்சிகள் வெளிப்படையாகி, 2020இல் புது அட்டையோடு பெரியவர்கள் அலமாரிக்கு மாற்றிவிட்டார்கள். பழைய அட்டைப் பிரதிகள் இன்னமும் பழைய புத்தகக் கடைகளில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ரொமான்ஸும் ஃபேன்டஸியும் கலந்த ரொமான்டஸி என்று இப்போது ரீல்ஸில் ஓடுகிறவற்றில் பெரும்பாலானவை பெரியவர்களுக்கானவைதான், அட்டையில் பூவும் கத்தியும் இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடுவோம்.

அதற்காக எல்லாவற்றையும் பூட்டி வைக்கவும் சொல்லவில்லை. நீங்களும் கூடவே படியுங்கள். ரிவ்யூ எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வன்முறை, தற்கொலை, பாலியல் காட்சி இருந்தால் எந்த அளவுக்கு இருக்கிறது என்று ஒரு வரி போடுங்கள், உபதேசம் இல்லாமல்.

நம் ஊர்க் கதைகளின் சாயலில் ஏதாவது?

பெங்களூரில் வளர்ந்த சங்கு மந்தண்ணா 2018இல் எழுதிய 'எ ஸ்பார்க் ஆஃப் வைட் ஃபயர்' இருக்கிறது. மகாபாரதம் விண்வெளிக்குப் போகிறது, கர்ணன் இடத்தில் எஸ்மே என்ற பெண், பரிசுப் பொருளாக யாராலும் தோற்கடிக்க முடியாத, பேசுகிற ஒரு போர்க்கப்பல். இதற்கு அமெரிக்க வாசகர் எழுதும் ரிவ்யூவும் நாம் எழுதும் ரிவ்யூவும் ஒன்றாக இருக்கவே முடியாது. அவருக்கு அடுத்து என்ன என்று தெரியாது. தெருக்கூத்திலும் டி.வி.யிலும் கர்ணன் செத்ததைப் பார்த்து அழுத நமக்கு, என்ன வரப்போகிறது என்று தெரிந்தே, அவள் தப்பித்துவிட மாட்டாளா என்று அடித்துக்கொள்கிறது. எந்த இடத்தில் மூலத்திலிருந்து விலகுகிறார், விலகியது எடுபட்டதா என்று சொல்லக் கூடியவர்கள் நாம்தான். ஆனால் "வியாசர் இப்படி எழுதவில்லை" என்று குறை சொல்லி ஆரம்பிக்காதீர்கள், வில்லிபுத்தூராரும் வியாசர் எழுதியதை அப்படியே எழுதிவிடவில்லை.

தமிழில் இந்த வகை உண்டா?

தனி அலமாரியாக இன்னும் இல்லை. முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் முடித்த கையோடு ராஜேஷ்குமாருக்கும் சுஜாதாவுக்கும் தாவியவர்கள்தான் நம்மில் பலர், நடுவில் படிக்கட்டு கிடையாது. 'என் இனிய இயந்திரா'வைப் பதினான்கு வயதில் படித்து ஜீனோ என்ற இயந்திர நாய்க்காக உருகியவர்கள் ஏராளம், ஆனால் சுஜாதா அதை ஆனந்த விகடன் வாசகர்கள் எல்லோருக்குமாகத்தான் எழுதினார். சிறார் எழுத்து இப்போது நன்றாக வருகிறது, 2010 முதல் சாகித்ய அகாதமி பால சாகித்ய புரஸ்காரமும் கொடுக்கிறது. பதினைந்து, பதினாறு வயதுக்காரர்கள் தங்கள் காதலையும் பயத்தையும் தமிழில் ஒரு ஃபேன்டஸியாகப் படிக்க வேண்டுமானால் இணையத்தில் தொடர்கதை எழுதுகிறவர்களிடம்தான் போக வேண்டியிருக்கிறது. அங்கே தரம் ஏறி இறங்கி இருக்கும், ரிவ்யூ என்று ஒன்றும் வராது, "சூப்பர் சிஸ், அடுத்த எபி எப்போ" என்றுதான் வரும். அவற்றுக்கு யாராவது பொறுமையாக உட்கார்ந்து ஒழுங்காக ரிவ்யூ எழுதினால் நான் முதல் ஆளாகப் படிப்பேன்.

ரிவ்யூ எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்?

கதைச் சுருக்கம் ஒரு பத்திக்கு மேல் போனால் நிறுத்துங்கள். மற்றதற்கு அளவில்லை.